நத்தை செத்த விவகாரம்

உட்காரச் சொன்னதற்கு நன்றி மேடம். நான் நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் எனக்குக் குரல் எழும்பாது. டீயும் வேண்டாம்.

என் புகார் பதினோரு பக்கம். அதை நீங்கள் படிக்கவில்லை. அதன் மேல் வாலிபால் பம்பைத் தூக்கி வைத்திருக்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது. பரவாயில்லை. "எழுதினதெல்லாம் இருக்கட்டும், வாயால சொல்லும்மா" என்கிறீர்கள். சொல்கிறேன். நீங்கள் உடற்கல்வி இயக்குநர், போன மாதம்தான் உங்களை எங்கள் விடுதிக்கு வார்டனாகப் போட்டார்கள், சட்டம் படித்தவரில்லை. ஆகவே பிரிவு, உட்பிரிவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரி சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் நீதிபதிகளிடமும் இப்படித்தான் பேசப் போகிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இருநூற்றுப் பதினான்காம் அறையில் நான்கு வருடமாக என்னோடு இருக்கிற சகாய ரெக்சியை அந்த அறையிலிருந்து எடுக்க வேண்டும்.

வேறு அறை எதுவும் காலி இல்லையா? எடுத்தால் விடுதியை விட்டே போக வேண்டியதுதானா? அது நிர்வாகத்தின் பிரச்சினை மேடம், புகார் கொடுத்தவளின் பிரச்சினை இல்லை. அவளுக்கு ஊர் உவரிப் பக்கம், பஸ்ஸில் ஆறு மணி நேரம், வெளியே அறை எடுத்துத் தங்க வீட்டில் விட மாட்டார்கள், ஆக நான்காம் ஆண்டோடு படிப்பே நின்றுவிடும் என்கிறீர்கள். தெரியும். அவள் அப்பா போன் பேசும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பது நான். எனக்குத் தெரியாததா? ஆனால் தீர்ப்புக்குப் பிறகு யாருக்கு என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு தீர்ப்பும் எழுத முடியாது.

அப்படி என்ன செய்துவிட்டாள் என்றா? செத்துப்போன ஒரு நத்தையை உயிரோடு எழுப்பிவிட்டாள்.

சிரிக்காதீர்கள் மேடம். சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுத்து மூலமாகக் கொடுத்தேன்.

என்னிடம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கேம் மெஷின் இருக்கிறது. மஸ்கட்டில் இருக்கும் என் சித்தப்பா மகன் விளையாடிச் சலித்துப்போய் எனக்குத் தந்தது. அதில் ஓர் ஆட்டம். ஊர் ஊராகப் போக வேண்டும். புல்லுக்குள் நடந்தால் ஜந்து வரும். நத்தை, வௌவால், மீசை வைத்த தவளை, மின்னல் உதைக்கிற கழுதை என்று நானூற்றுச் சொச்சம் உண்டு. பிடித்து, வளர்த்து, அடுத்தவன் ஜந்துவோடு சண்டைக்கு விட வேண்டும். எட்டு ஊர்த் தலைவர்களை ஜெயித்து, கடைசியாக மலைமேல் இருக்கிற ராணியை ஜெயித்தால் ஆட்டம் முடிந்தது. சேவல் சண்டை மாதிரியா? சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலில் மட்டும் அப்படி எழுதிவிடாதீர்கள்.

இதை ஊர் உலகத்தில் எப்படி ஆடுகிறார்கள் தெரியுமா? வெட்கமே இல்லாமல் ஆடுகிறார்கள். சண்டையில் ஜந்து விழுந்தால் பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரி. கொண்டுபோனால் எழுப்பிக் கையில் கொடுத்துவிடுவார்கள். மறுபடி சண்டை. மறுபடி விழும். மறுபடி ஆஸ்பத்திரி. எதுவுமே நம் கையை விட்டுப் போகாது. போகாத ஒன்றை வைத்து ஆடி ஜெயித்துவிட்டு, "நான் முடிச்சிட்டேன்" என்று ஸ்டேட்டஸ் வேறு. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் படிக்கிறார்கள், அரியர் இருக்கிற தைரியத்தில்.

மானம் உள்ளவர்கள் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டு ஆடுவார்கள். உலகம் முழுக்க அப்படி ஒரு கூட்டம் உண்டு. ஓர் ஊர்ப் புல்லில் முதலில் எது எதிரே வருகிறதோ அதை மட்டும்தான் பிடிக்கலாம். பொறுக்கி எடுக்கக் கூடாது. பிடித்ததற்குப் பெயர் வைத்தே ஆக வேண்டும். அது சண்டையில் ஒருமுறை விழுந்தால் செத்தது செத்ததுதான்; ஆஸ்பத்திரி கிடையாது, காட்டில் விட்டுவிட வேண்டும், திரும்ப வராது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: மெஷினை அணைத்துவிட்டு, முன்னால் சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, நடந்ததை நடக்காததாக ஆக்கக் கூடாது. மெஷின் தடுக்காது மேடம். அப்படிச் செய்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அதனால்தான் அதை விதி என்கிறோம்.

கபடியில் அவுட் ஆனவள் திரும்ப உள்ளே வருவாளே என்கிறீர்கள். வருவாள். அதனால்தான் நான் கபடி பார்ப்பதில்லை.

நான் அந்தக் கூட்டத்தைவிட ஒரு படி மேலே போனேன். போன ஜூலையில் ஒரு நீள நோட்டு வாங்கி, முகவுரை எழுதி, பதினான்கு விதி எழுதி, கீழே தேதி போட்டேன். சாட்சி ஒருத்தியை நியமித்தேன். ஒவ்வொரு ஜந்து சாகும்போதும் சாட்சி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அறையில் ரெக்சியைத் தவிர வேறு யார்?

"ஏட்டி, நான் என்னத்துக்கு கையெழுத்து போடணும்? அந்தச் சவத்துல எந்த பட்டன் எதுக்குன்னே எனக்குத் தெரியாது" என்றாள்.

"அதனாலதான் உன்னைப் போட்டேன். சாட்சிக்கு வழக்குல ஒட்டு உறவு இருக்கக் கூடாது."

"அப்பம் சரி" என்று போட்டுவிட்டாள். அவள் அப்படித்தான். எதற்கும் "அப்பம் சரி". நான்கு வருடம் சட்டம் படிக்கிறாள். இன்னும் ஒரு விஷயத்தில்கூட என்னை மறுத்துப் பேசியதில்லை. முதல் ஜந்து செத்தபோது நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "ஆத்துமா இளைப்பாறட்டும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். "ஜந்துவுக்கு ஏதுடி ஆத்துமா? அதுவும் மெஷினுக்குள்ள இருக்கற ஜந்துவுக்கு?" என்று கேட்டேன். "இருந்துச்சுன்னா?" என்றாள். இதை வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது, சொல்லுங்கள்.

பெயர் வைப்பதற்கும் விதி உண்டு. என்னிடம் வாதத்தில் தோற்றவர்களின் பெயரைத்தான் வைக்க வேண்டும். பெயருக்குப் பஞ்சமே வரவில்லை. வௌவாலுக்குப் பழைய வார்டன். தவளைக்கு, சாட்சியச் சட்டம் எடுக்கிற சார். அவருக்கு மீசையும் பொருந்தியது. மூன்றாம் ஊரில் கிடைத்த நத்தைக்கு சதாசிவம். என் அம்மாவின் தம்பி. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக்கா கோர்ட்டும் கச்சேரியும்" என்று என் அம்மாவிடம் சொன்னவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அவரை எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்காரவைத்து நாற்பது நிமிடம் வாதாடித் தோற்கடித்தேன். அதற்கப்புறம்தான் என்னை இங்கே சேர்த்தார்கள்.

"என் பேர எதுக்கும் வைக்க மாட்டியா?" என்று ரெக்சி கேட்டாள்.

"நீ என்கிட்ட தோத்ததே இல்லையே. வாதாடினாத்தானே தோக்க முடியும்?"

வாளியைக் கையில் எடுத்தாள். "இன்னைக்கி சாம்பார்ல உப்பு கூட" என்றாள்.

"ஆமா, கூடத்தான்."

"பாத்தியா, நான் செயிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

திருத்தங்களா? ஆமாம், நடுவில் விதிகளைத் திருத்தினேன். இருபத்திரண்டு திருத்தம். யார் சொன்னது உங்களுக்கு? ஓ, நோட்டே உங்களிடம் இருக்கிறதா. நான்தான் இணைப்பாக வைத்தேன், இல்லையா. நான்காம் ஊரில் முதலில் வந்தது ஒரு புழு மேடம். ஆட்டத்துக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. மழையில் கண்ணில் பட்டது எதிர்ப்பட்டதாக ஆகாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். அடுத்ததாக மின்னல் கழுதை வந்தது. "இது கள்ளாட்டம் இல்லியாட்டி?" என்று ரெக்சி கேட்டாள். கள்ளாட்டம் என்பது விதியை மீறுவது. திருத்தம் என்பது விதியை மேம்படுத்துவது. நாடே அப்படித்தான் நடக்கிறது. இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. கடைசியில் "அப்பம் சரி" என்றாள்.

இப்போது நத்தைக்கு வருகிறேன்.

நத்தையை யாரும் மதிக்க மாட்டார்கள். ரொம்ப மெதுவாக நகரும். எதிராளி இரண்டு அடி அடித்த பிறகுதான் இது ஓர் அடி அடிக்கும். ஆனால் ஓட்டுக்குள் போய்விட்டால் இடியே விழுந்தாலும் அசையாது. ஐந்தாம் ஊரைத் தாண்டுவதற்குள் எனக்கு நான்கு செத்தன. தவளை செத்தது. கழுதை செத்தது. நத்தை மட்டும் நின்றது. ஒவ்வொரு சண்டையிலும் கடைசியாக அதை இறக்குவேன். அது ஓட்டுக்குள் போகும், வெளியே வரும், ஓர் அடி அடிக்கும், மறுபடி உள்ளே போகும். அப்படியே ஜெயிக்கும். எனக்கு அதன்மேல் பாசம் என்று புகாரில் எங்கேயும் எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். "முக்கியத்துவம் வாய்ந்த" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

நவம்பரில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. விடுதித் தண்ணீர்; அதற்கு வேறொரு புகார் நிலுவையில் இருக்கிறது. வீட்டுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் சதாசிவம் மாமாதான் முதல் ஆளாக வந்து நிற்பார். "அப்பவே சொன்னேன்ல" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழைத்துப் போய்விடுவார், படிப்பு அவ்வளவுதான். அதனால் ரெக்சியிடம் சத்தியம் வாங்கினேன், வீட்டுக்கு மூச்சு விடக்கூடாது என்று. அவள் விடவில்லை. அம்மா போன் பண்ணும்போதெல்லாம் "மதி லைப்ரரிக்குப் போயிருக்கா ஆன்ட்டி" என்று இவள்தான் பேசினாள். பொய் சொல்வதில் அவளுக்கு இருந்த பழக்கத்துக்கு இது ஓர் ஆதாரம். ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

அந்த மூன்று வாரமும் நான் முழுக்க அவள் பொறுப்பில் இருந்தேன். விடுதிக்குப் பின்னால் போய்க் கீழாநெல்லி பிடுங்கி வந்து அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள். மெஸ் அண்ணனிடம் கெஞ்சி எண்ணெய் இல்லாமல் கஞ்சி வாங்கி வந்தாள். நான் வாந்தி எடுத்தால் வாளி பிடித்தாள். ஒரு இன்டர்னல் தேர்வுக்குப் போகவே இல்லை. நான் போகாதே என்று சொல்லவில்லை. அது அவள் முடிவு. இதையெல்லாம் நான் ஏன் சொல்கிறேன் என்றால், நம்பிக்கைப் பொறுப்பில் இருந்துகொண்டு ஒருத்தி செய்கிற மோசடி, தெருவில் போகிறவள் செய்கிற மோசடியைவிடக் கனமானது. அவள் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாளோ குற்றம் அவ்வளவு பெரிது.

எனக்கு மெஷினைப் பிடிக்கக்கூடக் கையில் தெம்பில்லை. ஆட்டம் நடுவில் நின்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஆகவே நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அவள் அழுத்துவாள். "அடி." "உள்ள போ." "மருந்து குடு." அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் மத்தியானம் ஆறாம் ஊர்த் தலைவியோடு சண்டை. கையில் நத்தை மட்டும்தான். பாதியில் நான் கண்ணயர்ந்துவிட்டேன்.

அவள் காத்திருக்க வேண்டும். ஆட்டம் காத்திருக்கும், நாள் கணக்கில்கூட அப்படியே நிற்கும். ஆனால் இவள் அழுத்தினாள். "நீ உறக்கத்துல அடி, அடின்னு சொன்னட்டி. நான் அடிச்சேன்" என்கிறாள். உள்ளே போக வேண்டிய நேரத்தில் நத்தை அடித்தது. அந்தத் தலைவியின் முதலை ஒரே கடி. நத்தை செத்தது.

அப்போது அவள் செய்திருக்க வேண்டியது என்ன? என்னை எழுப்பி, சிலுவை போட்டு, கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். சாட்சிக்கு வேறு என்ன வேலை? இவள் என்ன செய்தாள் தெரியுமா? மெஷினை அணைத்தாள். மறுபடி போட்டாள். சேமித்த இடத்திலிருந்து தொடங்கி மறுபடி சண்டைக்குப் போனாள். மறுபடி செத்தது. ஒரு முறை இரண்டு முறை இல்லை மேடம், எட்டு முறை. எந்தப் பட்டன் எதற்கென்று தெரியாத ஒருத்தி, ஒரு மத்தியானம் முழுக்க என் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, எட்டு முறை சாகடித்து, ஒன்பதாம் முறை ஜெயித்திருக்கிறாள்.

நான் விழித்ததும் "செயிச்சாச்சுட்டி, உன் மாமா நல்லா இருக்காரு" என்றாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். ஒன்பது நாளில் அன்றுதான் முதல் தடவையாகக் கஞ்சி வயிற்றில் தங்கியது. இதை அவள் தனக்குச் சாதகமாகச் சொல்லக்கூடும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அதற்கப்புறம் பிப்ரவரி கடைசியில் ராணியை ஜெயித்தேன். கடைசியில் களத்தில் நின்றது நத்தை மட்டும்தான். நான் கத்திய கத்தலில் எதிர் அறைக்காரிகள் ஓடி வந்தார்கள். அந்த உலகக் கூட்டத்தின் இணையக் குழுவில் முழு வரலாற்றையும் எழுதிப் போட்டேன், விதிகள், திருத்தங்கள் எல்லாவற்றோடும். முந்நூறு பேருக்கு மேல் பாராட்டினார்கள். பிரேசில்காரன் ஒருவன், இவ்வளவு ஒழுங்காக யாரும் ஆடிப் பார்த்ததில்லை என்று எழுதினான். அதை ரெக்சிக்குப் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். பொறாமை என்று நினைத்தேன்.

தவக்காலம் வந்தது. அவர்கள் ஈஸ்டர் பண்டிகைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல வேண்டும். இவள் என்ன பாவம் செய்திருக்கப் போகிறாள்? ஈ எறும்பைக்கூட ஒதுக்கிவிட்டு நடக்கிறவள். போய் மண்டியிட்டு, "சாமி, ஒரு நத்தை செத்துப்போச்சு, நான் எழுப்பிட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

சாமியார் காதைக் கிட்டே கொண்டுவந்தாராம். அப்புறம், "எழுப்புனியா?" என்று கேட்டாராம்.

"ஆமா சாமி. எட்டு தடவ."

அது மெஷின் நத்தை என்று அவருக்குப் புரியவைக்கவே கால் மணி நேரம் ஆனதாம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இவள் என்ன கொலையா செய்துவிட்டாள் என்று எட்டி எட்டிப் பார்த்தார்களாம். கடைசியில் அவர், மூன்று தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லு, உன் ஃபிரெண்டுகிட்ட உண்மையையும் சொல்லு என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு இதில் எது தாங்கவில்லை தெரியுமா? பாதிக்கப்பட்டவள் நான். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறேன். எனக்கு முன்னால் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவருக்கு என்ன அதிகார வரம்பு? அவர் யார் என் நத்தைக்கு மன்னிப்பு வழங்க?

புனித வெள்ளிக்கு முதல் நாள், பெரிய வியாழன் மத்தியானம் கோயிலிலிருந்து வந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் என் முன்னால் நின்றாள்.

"ஏட்டி மதி. ஒன்னு சொல்லுவேன். கோவப்பட மாட்டியே?"

"அது நீ சொல்றதைப் பொறுத்து."

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் செய்தாய் என்று கேட்டேன். "நீ கண்ணு ரெண்டும் மஞ்சளா கெடந்த. அது செத்துப்போச்சுன்னு உன்கிட்ட எப்பிடிட்டி சொல்லுவேன்?" என்றாள். இது ஒரு பதிலா மேடம்? மூன்றாம் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கம் வரை இந்த ஒரு வாக்கியத்தைத்தான் உடைத்திருக்கிறேன்.

விதிப்படி நத்தையை விட்டுவிட்டேன். "சதாசிவத்தை விடுவிக்கவா? திரும்ப வராது" என்று மெஷின் கேட்கும். ஆம் என்று அழுத்தினேன். ரெக்சி பக்கத்தில் நின்று அழுதாள். நான் அழவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை, அது மெஸ் சாப்பாட்டின் லட்சணம். அப்புறம் அந்தக் குழுவில் எழுதினேன்: நவம்பரிலேயே என் ஆட்டம் செல்லாமல் போய்விட்டது, பாராட்டியவர்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் என்று. என்ன பதில் வந்தது தெரியுமா? ஒருவன் சிரிக்கிற படம் போட்டான். அந்தப் பிரேசில்காரன், "உன் தோழியை எனக்குப் பிடித்திருக்கிறது" என்று எழுதினான். மானம் உள்ள கூட்டம் என்று நினைத்தேன். அங்கேயும் ஒருவனுக்கும் முதுகெலும்பு இல்லை.

பத்தொன்பது நாளாக நான் அவளிடம் பேசவில்லை. அவள் பாட்டுக்குக் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரை என் மேசையில் கொண்டுவந்து வைக்கிறாள், நவம்பரில் ஆரம்பித்தது, இன்னும் நிறுத்தவில்லை. நான் குடிக்கிறேன். குடிப்பதால் சமாதானம் என்று ஆகாது. என் உரிமைகளுக்குப் பங்கமில்லாமல் குடிக்கிறேன்.

அவ்வளவுதான் மேடம். ஒரு தடவை விழுந்தால் விழுந்ததுதான். எனக்கு ஆஸ்பத்திரி, மறுவாய்ப்பு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. உத்தரவு போடுங்கள்.

அவளிடம் விளக்கம் கேட்டீர்களா? நல்லது. கேட்டுத்தான் ஆக வேண்டும். எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறாள்? கொடுங்கள், ஒவ்வொன்றாக உடைக்கிறேன்.

இது என்ன?

மறுபக்கம் இருக்கிறதா? இல்லையா?

"நிறைமதி எழுதியது எல்லாம் சரிதான். நான்தான் செய்தேன். அறையைக் காலி செய்கிறேன்." கீழே கையெழுத்து. அவ்வளவுதானா? பதினோரு பக்கத்துக்கு ஒன்றரை வரியா? நான் ராத்திரி பகலாக... இதற்காகவா நான் ஏழாம் பக்கத்தை மூன்று முறை திருத்தி எழுதினேன்?

இருங்கள். பேனாவைக் கீழே வையுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள், இனி என்ன என்கிறீர்கள். ஒப்புக்கொண்டால் உடனே பெயரை அடித்துவிடுவீர்களா? நீங்கள் உடற்கல்வி, உங்களுக்குத் தெரியாது, தெரியாததில் தப்பில்லை, ஆனால் தெரியாமல் கையெழுத்துப் போடுவது தப்பு. ஒப்புதல் கொடுத்தவளுக்கு அதன் விளைவு புரிந்ததா என்று விசாரித்தீர்களா? படிப்பு நிற்கும் என்று சொன்னீர்களா? சொன்னீர்களா? அதற்கும் "அப்பம் சரி" என்றாளா?

பைத்தியம்.

மேடம், அவளுக்கு வாதாடத் தெரியாது. நான்கு வருடமாக நான் அவளிடம் படித்துப் படித்துச் சொல்கிறேன், மறுத்துப் பேசு, மறுத்துப் பேசு என்று. தன் தலைக்குக் கத்தி வரும்போதும் ஒப்புக்குக்கூட மறுக்காமல் "சரிதான்" என்று எழுதிக் கொடுக்கிறாளே, இவளெல்லாம் நாளைக்குக் கட்சிக்காரனுக்காகக் கோர்ட்டில் நின்று என்ன கிழிப்பாள்? "என் கட்சிக்காரர் மேல சொன்னதெல்லாம் சரிதான் அய்யா, தூக்குல போடுங்க" என்பாளா?

என் புகாரில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை. ஆமாம், இருக்கிறது. எழுதியவளுக்குத் தெரியாதா? முதல் ஓட்டை, அன்று மெஷினைப் பிடித்திருந்தது அவள் விரல், ஆட்டம் என்னுடையது. நான் சொல்லச் சொல்ல அழுத்தியவள் என் கை மாதிரி. கை செய்ததற்குக் கைக்கு எதிராகப் புகார் கொடுக்க முடியுமா? இரண்டாவது, "அடி" என்று சொன்னவள் நான். தூக்கத்தில் சொன்னேனா விழித்துச் சொன்னேனா என்று அந்தப் பட்டனை அழுத்துகிறவளுக்கு எப்படித் தெரியும்? நத்தையைக் கொன்றது யார் என்று ஒரு குறுக்கு விசாரணை வைத்தால், மேடம், நான் மூன்றாம் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வேன். மூன்றாவது ஓட்டை இன்னும் பெரிது, அதை உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். நாற்காலியைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள்.

மூன்றாவது என்னவென்றால், அந்த மூன்று வாரம் அவள் என் வீட்டுக்கு ஒரு போன் பண்ணியிருந்தால் இன்றைக்கு நான் இந்த விடுதியிலேயே இல்லை. புகார் கொடுக்க ஓர் ஆளே இல்லை. ஆளே இல்லாத இடத்தில் புகார் எங்கிருந்து வரும்? இதை நான் எழுதும்போது கவனித்தேன். கவனித்துவிட்டு, எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவைத்தேன். அவள் கண்டுபிடிப்பாள் என்றுதான் இத்தனை நாளாகக் காத்திருந்தேன்.

ஆக, புகாரை வாபஸ் வாங்குகிறாயா என்றா கேட்கிறீர்கள்?

வாபஸா? நானா? ஓர் எழுத்துக்கூட வாங்க மாட்டேன். பதினோரு பக்கமும் ஃபைலில் அப்படியே இருக்கட்டும். பிரமாதமான புகார் மேடம் அது. இந்தக் கல்லூரியில் அதைத் தோற்கடிக்க ஒருத்தியால்தான் முடியும். எழுதிக்கொள்ளுங்கள்: எதிர்த்தரப்புக்கு ஆஜராவது, நிறைமதி, நான்காம் ஆண்டு.

அவள் வெளியில் நிற்கிறாளா? எப்போதிலிருந்து? பெட்டியோடா?

யார் அவளைப் பெட்டி கட்டச் சொன்னது? இன்னும் உத்தரவே வரவில்லை. இல்லை, உள்ளே கூப்பிடாதீர்கள், கூப்பிடாதீர்கள் மேடம். வந்து நின்று "ஆமா, நான்தான் செஞ்சேன்" என்று மறுபடி சொல்லி எல்லாவற்றையும் கெடுத்துவிடுவாள். அந்தக் கதவைச் சாத்துங்கள். ஆரம்பிக்கிறேன்.